பின்விளக்கு

அத்தியாயம் பதினேழு

கியர் அசையவில்லை.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மெல்லிய நடுக்கம் இருக்கை வழியாக முதுகில் ஏறியது. அவள் பிரேக்கை மிதித்தபடி கியர்த் தண்டின் பொத்தானை அழுத்தி இழுத்தாள். பார்க் நிலையில் நின்ற தண்டு உடும்புப் பிடியாய் அங்கேயே நின்றது.

இது புதிதில்லை. சில மாதங்களாகவே வண்டிக்கு இந்தப் பிடிவாதம் உண்டு. அதற்கான மருந்தும் அவளுக்குத் தெரியும். தண்டின் அடியில் நகத்தளவு ஒரு மூடி இருக்கிறது. அதை நெம்பி எடுத்தால் ஒரு துளை. துளைக்குள் கொண்டை ஊசியை விட்டு அழுத்திக்கொண்டே இழுத்தால் பூட்டு விடும், தண்டு வரும். கணவன் எங்கோ வீடியோவில் பார்த்துக் கற்ற வித்தை. அவன் விரல் தடிமன் என்பதால் ஊசி விடுகிற வேலை எப்போதும் அவளுடையது.

வீட்டில் இதற்குக் காது குத்து என்று பெயர். வைத்தவள் சோடா. வண்டிக்குக் காது குத்தியாச்சா அண்ணி, அதுக்கென்ன நூறு காதா இருக்கு, தினமும் குத்துறீங்க என்று வாசலில் நின்று சிரிப்பாள்.

சோடா இப்போது இல்லை.

நடந்ததைச் சொன்னால் நாலு வரிதான். அவளுடைய தம்பியும் அவன் மனைவி சோடாவும் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். கணவன் ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருந்தான். வழி நான் காட்டுறேன், என் பின்னாலேயே வாடா என்று தம்பியிடம் சொல்லிவிட்டுக் காரை முன்னால் விட்டான். பக்கத்து இருக்கையில் அவள். பின்னால் பைக்கில் தம்பியும் சோடாவும். பாதி வழியில் ஒரு நாய் குறுக்கே வந்தது. கணவன் பிரேக் போட்டான். பின்னாலிருந்து வந்த சத்தம் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. தம்பிக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. சோடா அந்த இடத்திலேயே போய்விட்டாள்.

சோடா என்பது தடித்த கண்ணாடிக்காக வந்த பெயர். அந்தக் கண்ணாடியைப் போட்டுக் கொடுத்தவளே இவள்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிற வேலை இவளுக்கு. ஒடிந்த கண்ணாடியை இரு கையிலும் ஏந்திக்கொண்டு சோடா முதன்முதலாகக் கடைக்கு வந்த அன்று, அக்காவிடம் வீட்டுச் சாவி வாங்க வந்த தம்பி அங்கே நின்றான். அந்தப் பலகையில என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்களேன், எனக்கு எல்லாம் எறும்பாத் தெரியுது என்று அவனைத்தான் கேட்டாள். அவன் கடைசி வரிவரைக்கும் வாசித்துக் காட்டினான். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது என்பார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததிலிருந்து தம்பி சொல்வது ஒன்றே ஒன்று. மாமா பிரேக் போட்டது எனக்குத் தெரியவே இல்லைக்கா. அவன் பஸ் ஓட்டுகிறவன். முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கைப் பார்த்துப் பார்த்தே சோறு தின்கிறவன். அவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? என் கண்ணில் ஏதோ கோளாறு, பார்த்துச் சொல்லு என்று அவளை நச்சரித்தான். போன வாரம் கடையிலிருந்து எழுத்துப் பலகையைக் கொண்டுபோய் வார்டின் எதிர்ச்சுவரில் மாட்டினாள். சாய்ந்து படுத்தபடியே எல்லா வரியையும் வாசித்துவிட்டான்.

கண் நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னபோது அவன் முகம் செத்துப்போனது. கண் கெட்டிருந்தால் பழியைக் கண்ணின் மேல் போட்டிருப்பான். கண் நல்லது என்றால் அவன்தான் கெட்டவன்.

விபத்தைப் பார்க்க வந்த போலீஸ்காரரும் அப்படித்தான் நினைத்தார். காரின் பின்விளக்கு இரண்டும் நொறுங்கிப் பொடியாகிக் கிடந்தன. நொறுங்குவதற்கு முன்னால் அவை எரிந்தனவா என்று யாரும் கேட்கவில்லை. பின்கண்ணாடிக்கு மேலே இருக்கும் மூன்றாவது விளக்கை யாரும் எரியவிட்டுப் பார்க்கவும் இல்லை. பின்னால் வந்து இடித்தவன் மேல் தப்பு என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

இன்று தம்பியை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு முன் மதியம் போலீஸ் அதிகாரி வந்து அவன் வாயால் நடந்ததைக் கேட்டு எழுதிக்கொள்வார். கவனக்குறைவு என்று சொல்லப் போகிறேன் என்று தம்பி முடிவாகச் சொல்லிவிட்டான். மனைவி சாகக் காரணம் நான்தான் என்று அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம் அது. அதற்கப்புறம் வழக்கு, தண்டனை, போகும் வேலை. இவற்றில் எதற்கும் அவன் கலங்கியதாகத் தெரியவில்லை. அதுதான் அவளைக் கலங்க வைத்தது.

மாலையில் இன்னொருவர் வருகிறார், காரை வாங்கிப் போக. இந்த வண்டியை வாசலில் பார்க்கப் பார்க்க வயிறு எரியுது, தொலைச்சுடலாம் என்றான் கணவன். வீட்டில் எல்லோருக்கும் அது சரியென்றே பட்டது. நசுங்கிய பின்புறத்துக்குத் தகர வேலை முடிந்து நேற்றுத்தான் வண்டி திரும்பியிருந்தது. தம்பி காலை நீட்டி உட்காரப் பின்னிருக்கை வேண்டும், போவதற்கு முன் இந்த ஒரு வேலைக்காவது உதவட்டும் என்று அவள் கிளம்பினாள்.

மூடியை நெம்பி எடுத்தாள். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி நிமிர்த்தித் துளைக்குள் விட்டாள். அழுத்தினாள். உள்ளே டிக்கென்று ஒரு சத்தம். பூட்டு விட்ட சத்தம் இல்லை. ஊசியின் பாதி அவள் கையிலேயே இருந்தது. மீதிப் பாதி உள்ளே.

கணவனைப் போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அவன் மேஜை நாற்காலி விற்கும் பெரிய கடையில் மேலாளர், காலையில் சரக்கு இறங்கும் நேரம். தகர வேலை செய்த பட்டறைக்காரனைக் கூப்பிட்டாள்.

அவன் எதையோ மென்றுகொண்டே பேசினான். பின்னால் சுத்தியல் சத்தம். முதலில் பேட்டரியைப் பார்க்கச் சொன்னான். முகப்பு விளக்குகள் எல்லாம் எரிந்தன, ஹாரன் அடித்தது. வண்டி சரிவில் நிற்கிறதா, வண்டியின் பாரம் கியர்ப் பல்லில் ஏறி இறுகியிருக்கிறதா என்றான். வாசல் சமதளம். பிரேக்கை நன்றாக மிதியுங்கள், தண்டுக்குப் பக்கத்தில் டக்கென்று கேட்கிறதா என்றான். அவள் காதைத் தாழ்த்திக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப ஒருத்தரைப் பின்னாடி நிக்கச் சொல்லுங்க மேடம். நீங்க மிதிக்கும்போது பிரேக் லைட் எரியுதான்னு பாக்கணும்."

மாமியார் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மகனைக் கேட்காம வண்டியை எடுத்தா இப்படித்தான் என்று ஏற்கனவே ஒரு முறை சொல்லியாகிவிட்டது. கூப்பிட்டதும் முனகிக்கொண்டே இறங்கி வந்து காரின் பின்னால் நின்றாள்.

"தெரியுதா அத்தை?"

"என்ன தெரியணும்?"

"சிவப்பா விளக்கு."

"எரியுதே. ரெண்டு பக்கமும் நல்லா எரியுது."

அவளுக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. ஆனால் பட்டறைக்காரன், முன்விளக்கு போட்டிருக்கீங்களா, அதை அணைங்க முதல்ல, அது ராத்திரி விளக்கு என்றான். அணைத்தாள். மறுபடி மிதித்தாள்.

"இப்ப தெரியுதா?"

"இப்ப அணைஞ்சுபோச்சே."

"நான் மிதிக்கிறேன். இப்ப?"

"இல்லை."

காலை எடுத்துவிட்டு, பாதம் முழுக்க ஊன்றி மிதித்தாள். "இப்ப?"

"இல்லம்மா. மேல கண்ணாடியில இருக்கறதும் எரியலை. என்ன, புதுசா போட்ட லைட்டாச்சே இது?"

ஒரு நாளைக்கு நூறு பேரிடம் அவள் கேட்கிற கேள்வி இது. தெரியுதா, இப்ப தெரியுதா, இதுல தெரியுதா அதுல தெரியுதா. வில்லையை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பாள். தெரியவில்லை என்று யார் சொன்னாலும் இன்னொரு வில்லை இருக்கும். இப்போது கையில் வேறு வில்லை இல்லை. மாமியார் சொன்ன இல்லை என்ற சொல் நேராக உள்ளே போய் நின்றது.

போனில் பட்டறைக்காரன் காத்திருந்தான். எரியலை என்றாள். அவன் ஆச்சரியப்படவில்லை.

"அதான் மேடம், நான் அன்னிக்கே சார்கிட்ட சொன்னேனே. புது லைட் போட்டும் எரியலை, பெடலுக்கு மேல ஒரு சுவிட்ச் இருக்கு, அது போயிடுச்சுன்னு. கால் வச்சது அது வழியாத்தான் வண்டிக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் லைட்டும் எரியும், கியரும் விடும். சின்ன சாமான்தான், மாத்திடவான்னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"பழைய கதைடா அது, எனக்குத் தெரியும், நீ தகர வேலையை மட்டும் பாருன்னாரு."

நான் வந்து ஊசியை எடுத்துத் தரட்டுமா என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்லி வைத்தாள். சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினாள். நடுக்கம் நின்றது.

பழைய கதை.

அப்படியென்றால் காது குத்து ஆரம்பித்த நாளிலிருந்தே விளக்கு எரியவில்லை. எத்தனை முறை ஊசியை விட்டு அழுத்தியிருப்பாள்! ஒவ்வொரு முறையும் தண்டு வந்ததும் கணவன் பெருமையோடு அவளைப் பார்ப்பான், பார்த்தியா என்பதுபோல். அவன் எதையும் சரிசெய்கிறவன் இல்லை, சமாளிக்கிறவன். ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைப்பான். ஒழுகும் குழாயில் துணியைச் சுற்றுவான். அந்தச் சாமர்த்தியத்தை அவளும் ரசித்தவள்தான். வண்டி சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் அதன் காதைக் குத்திக் குத்தி ஓட்டியிருக்கிறார்கள்.

மாமியார் இன்னும் பின்னாலேயே நின்றாள். என்ன ஆச்சு, ஏன் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே என்று கேட்டாள். அவள் இறங்கி வந்து சொன்னாள். மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக. விளக்கு எரியாததற்கும் கியர் வராததற்கும் ஒரே சுவிட்ச்தான் காரணம் என்பதை. இரண்டும் ஒரே நாளில் கெட்டவை என்பதை. பின்னால் வந்தவனுக்கு எதுவுமே தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதை.

மாமியார் முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். நீண்ட நேரம் துடைத்தாள். போட்டுக்கொள்ளவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலை. வெயிலு வேற. என் கண்ணு மங்கல், உனக்கே தெரியும்."

"அத்தை, போன மாசம்தான் நான் பாத்துப் புதுக் கண்ணாடி போட்டேன்."

"அது எனக்குச் சரியா அமையலை. சொன்னா உனக்குச் சங்கடமா இருக்கும்னு சொல்லலை."

மாமியாரின் குரல் இறங்கியது. அதில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. கணக்குப் பார்த்து முடித்தவளின் குரல்.

"ஒருத்தி போயிட்டா. அவ போனதுக்கு நானும்தான் அழுதேன். இப்ப இன்னொருத்தனை உள்ள தள்ளினா அவ எழுந்து வந்துருவாளா? உன் தம்பிக்குப் பின்னாடி யாருமில்லை. என் மகன் பின்னாடி நானு, நீ, இந்த வீடு. யோசிச்சுக்கோ."

சொல்லிவிட்டுப் படியேறி உள்ளே போனாள். கண்ணாடி போடாமலேயே, எங்கும் தடுக்காமல், சரியாகப் படி பார்த்து ஏறினாள்.

அவள் கார்க் கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டாள். வாடகைக் காரைக் கூப்பிட்டு அதில் போனாள். போகிற வழியெல்லாம் முன்னால் போகும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் விளக்கு எரிந்தது. எரிந்து அணைந்து எரிந்து.

ஆஸ்பத்திரியில் கணவன் அவளுக்கு முன்பே வந்திருந்தான். சரக்கை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறான். இத்தனை நாளும் ராத்திரியில் தம்பிக்குத் துணைக்குப் படுத்தது அவன்தான். மூத்திரக் கோப்பை எடுத்து வைத்தது, உடம்பு துடைத்துவிட்டது, சாப்பிட மறுத்தவன் வாயில் ஊட்டியது எல்லாம் அவன்தான். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று நர்ஸுகள் அவளிடம் சொன்னபோது அவள் பூரித்துப் போயிருக்கிறாள். இப்போது அந்த அன்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பொய் என்று தூக்கிப் போட முடியவில்லை. அது பொய்யில்லை. அதுதான் சிக்கல்.

வார்டுக்கு வெளியே, மாடிப்படி திரும்பும் இடத்தில் அவனை நிறுத்தினாள்.

"பிரேக் லைட் எரியாதுன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். "யார் சொன்னா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என்ன லைட் என்று கேட்டிருக்கலாம். யார் சொன்னா என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனுடைய எந்தப் பேச்சும் அவளுக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

"எப்போங்க?"

அவன் சுவரில் சாய்ந்தான். கியர் முதன்முதலாக மாட்டிக்கொண்ட நாளில் யாரோ ஒரு மெக்கானிக்கைக் கேட்டானாம். ஏதோ சுவிட்ச் என்றானாம் அவன். விளக்கும் எரியாது என்று சொன்னானா, சொல்லியும் இவன் காதில் வாங்கவில்லையா, அது இப்போது இவனுக்கே தெரியவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஊசி விட்டால் வருகிறது, என்ன அவசரம் என்று இருந்துவிட்டான். விபத்து நடந்த அன்றே எல்லாம் புரிந்துவிட்டது.

அவள் நம்பினாள். நம்பாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"புரிஞ்சப்புறமும் அவன்கிட்ட, கவனக்குறைவுன்னு சொல்லுடா, அதுதான் நல்லதுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்." அவன் குரல் உடைந்தது. "அவன் ஏற்கனவே சுமந்துட்டு இருந்தான். ஒருத்தன் சுமக்கறதை எதுக்கு ரெண்டு பேர்…"

வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் எப்படிக் கேட்கும் என்று அவனுக்கே புரிந்திருக்க வேண்டும். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பேசினான். இன்றைக்கு வேண்டாம். வண்டி இன்று போய்விடட்டும். கொஞ்ச நாள் கழித்து நானே அவன் காலில் விழுந்து சொல்கிறேன். அவன் மன்னிப்பான், அவன் நல்லவன்.

நல்லவன்தான். அதனால்தானே அவன் தலையில் ஏற்றி வைத்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு வார்டுக்குள் போனாள்.

தம்பி சட்டை மாற்றி, தலை வாரி, தயாராக உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டவன் மாதிரி. கட்டுப்போட்ட கால் தலையணை மேல் நீண்டிருந்தது. வண்டி கொண்டு வந்தியாக்கா என்று கேட்டான். கியர் விழவில்லை என்றாள். காது குத்தலையா என்றான். அவன் இதழ் ஓரம் ஒரு கணம் அசைந்தது. உடனே அந்தப் பேரை வைத்தவள் ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண். ஜலதோஷம் பிடித்திருந்தது. கைக்குட்டையும் பேனாவும் கையில் மாறி மாறி வந்தன. அவசரமில்லை, மெதுவா சொல்லுங்க என்று தம்பியிடம் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கணவன் வாசலில் நின்றான். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

தம்பி தொண்டையைச் செருமினான். "என் கவனக்குறைவுதான் மேடம். எனக்கு முன்னாடி போன வண்டி…"

"மேடம்," என்றாள் அவள். "அவன் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்."

கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தாள்.

"வண்டி எங்க வீட்டு வாசல்ல நிக்குது. பார்க்கை விட்டு வராது. பிரேக்கை மிதிச்சா பின்விளக்கு எரியாது. ரெண்டும் ஒரே கோளாறு. விபத்துக்கு முன்னாடி ரொம்ப நாளாவே இருக்கு. கியர் வராம நாங்க ஊசி குத்தித்தான் ஓட்டிட்டு இருந்தோம். அன்னிக்கும் குத்தினது நான்தான். அவன் கண்ணுக்கு எதுவும் தெரியலைன்னா, தெரியறதுக்கு அங்க ஒண்ணும் இல்லை."

சொன்னதும் வாசல் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். வாசல் காலியாக இருந்தது.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு சாவியைப் பார்த்தாள். விளக்கு எரியாததை யார் பார்த்தது, நீங்க மிதிச்சா உங்களுக்கே எப்படித் தெரியும் என்று கேட்டாள். மாமியாரின் மூக்குக்கண்ணாடி, அதைத் துடைத்த விரல்கள் எல்லாம் அவள் மனதில் வந்து போயின.

"மிதிக்க ஒருத்தர், பாக்க ஒருத்தர் வேணும். ரெண்டு பேரும் உங்க ஆளா இருக்கட்டும்."

அதிகாரி ஒரு வினாடி அவளை ஏறிட்டாள். பிறகு போனில் யாரிடமோ முகவரி சொன்னாள். வண்டியை யாரும் தொடக் கூடாது என்றாள்.

தம்பி அழுவான், கோபப்படுவான், மாமா எங்கே என்று கேட்பான் என்றெல்லாம் வருகிற வழியில் அவள் நினைத்துப் பார்த்திருந்தாள். அவன் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். போன வாரம் பலகை மாட்டிய ஆணி அங்கே இருந்தது.

"அப்ப விளக்கு எரியலை," என்றான்.

"எரியலைடா."

"நான் பாத்தது சரிதான்."

"சரிதான். உன் மேல ஒண்ணுமில்லை."

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்பதற்கான ஆட்டல் இல்லை அது. உள்ளே எதையோ எண்ணிச் சரிபார்க்கிறவனின் ஆட்டல். மூச்சு வேகமாக வந்தது. அவள் அவன் தோளில் கை வைத்தாள். அவன் அதை மெதுவாக எடுத்து அப்பால் வைத்தான்.

"ஆனா அவளுக்குத் தெரிஞ்சுதுக்கா."

அடுத்த கட்டில்காரர் இருமினார்.

"என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டது அதிகாரி.

"வண்டி நிக்குதுன்னு. என் தோளைப் பிடிச்சு உலுக்கினா. நிக்குது, நிக்குதுன்னு கத்தினா. நான் விளக்கைத்தான் பாத்துட்டு இருந்தேன். விளக்கு எரியலையே, அப்புறம் எப்படி நிக்கும்? அதனால…" அவன் வாய் கோணியது. "உன் கண்ணாடியைத் துடைச்சுப் போடுடீன்னு சொன்னேன். சிரிச்சேன்."

இதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை நாளும் கண் கண் என்று அவன் புலம்பியது எதற்கு என்று அவளுக்கு இப்போது விளங்கியது. கண்ணில் கோளாறு இருந்துவிடக் கூடாதா என்று அவன் வேண்டியிருக்கிறான். விளக்கு எரிந்திருக்க வேண்டும், தான் குருடனாய்ப் போயிருக்க வேண்டும் என்று வேண்டியிருக்கிறான். அவள் கொண்டுவந்து கொடுத்த உண்மை அவனிடமிருந்த கடைசித் திரையையும் கிழித்துவிட்டது. விளக்கு பொய் சொன்னது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் உண்மை சொன்னாள். அவன் விளக்கை நம்பினான்.

அதிகாரியின் பேனா காகிதத்துக்கு மேல் நின்றது.

"அதாவது, முன்னாடி வண்டி நிக்குதுன்னு உங்களுக்கு எச்சரிக்கை வந்திருக்கு. இதையும் எழுதிக்கட்டுமா?"

தம்பி வாயைத் திறந்தான். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். சின்ன வயதில் யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்வதற்கு முன் பார்ப்பானே, அதே பார்வை.

காலையில் மாமியாரிடம் அவள் எதிர்பார்த்தது ஒரு சொல்தான். எரியலை என்ற ஒரு சொல். மாடிப்படித் திருப்பத்தில் கணவனிடம் கேட்டதும் அவ்வளவே. உள்ளதைச் சொல்ல இவர்களுக்கு என்ன கஷ்டம் என்று வழியெல்லாம் குமுறினாள். இப்போது அவள் முறை. எழுதிக்குங்க என்றால் போதும்.

"மருந்து மயக்கம் மேடம். அவன் என்னென்னவோ பேசறான், அதையெல்லாம் எழுதாதீங்க," என்று ஒரு குரல் கேட்டது.

நிதானமான, பணிவான குரல். அது தன்னுடையதுதான் என்பது, தம்பி கண்களை மூடிக்கொண்ட பிறகே அவளுக்குப் புரிந்தது.